கன்ட்ரோல் வால்விலிருந்து சிப் இயந்திரத்துக்கு: வடிவமைப்பில் என்ன மாறும்?

கேள்வி இதுதான்: அம்பத்தூரில் ஒரு கன்ட்ரோல் வால்வு கம்பெனியில் 5 வருடமாக டிசைன் வேலை பார்ப்பவர், இதுவரை சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உர ஆலைகளுக்கும் குளோப் வால்வு வரைந்தவர். இப்போது செமிகண்டக்டர் இயந்திரங்களுக்கான வாயு, திரவக் கட்டுப்பாட்டுப் பாகங்களை வடிவமைக்கும் ஒரு குழுவில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. "வால்வு வால்வுதானே, என் அனுபவம் செல்லுமா? புதிதாக எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

அனுபவம் கண்டிப்பாகச் செல்லும். சிவி (வால்வு எவ்வளவு ஓட்டம் விடும் என்ற எண்) கணக்கு, சீட் லீக்கேஜ், ஸ்பிரிங் விசை, டாலரன்ஸ் ஸ்டேக்-அப் எல்லாம் அப்படியே உதவும். மாறுவது, ஒரு வால்வைப் பார்த்து நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி. மணலிக்குப் போகும் வால்வு என்றால், அழுத்தம் தாங்குமா, வெளியே கசியாமல் இருக்குமா என்று கேட்போம். சிப் இயந்திரத்தில் அவை இருந்தே ஆக வேண்டியவை. அவற்றுக்காக யாரும் பாராட்ட மாட்டார்கள். அங்கே முதல் கேள்வி, தன் வழியாகப் போகும் வாயுவில் இந்தப் பாகம் எதையாவது சேர்க்கிறதா என்பது. அடுத்தது, முதல் தடவை திறந்தது போலவே 1 கோடியாவது தடவையும் திறக்கிறதா என்பது. மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

இந்தப் பாகங்கள் எங்கே உட்காருகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எட்ச் (செதுக்கும்), டெபாசிஷன் (படலம் படியவைக்கும்) இயந்திரங்களில், வேஃபர் எனும் சிலிக்கான் தட்டு இருக்கும் சேம்பருக்குப் பக்கத்திலோ மேலேயோ கேஸ் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு கேஸ் ஸ்டிக்: கைவால்வு, ரெகுலேட்டர், ஃபில்டர், பிரஷர் டிரான்ஸ்டியூசர், காற்றழுத்தத்தில் இயங்கும் டயஃப்ரம் வால்வு, வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர், கடைசியாக இன்னொரு வால்வு. பெரும்பாலும் கால் அங்குலக் குழாய். புதிய இயந்திரங்களில் குழாயே குறைந்து, ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான அகலமுள்ள உலோகக் கட்டைகளின் மேல் பாகங்களை ஸ்க்ரூ போட்டு உட்கார வைக்கிறார்கள். சேம்பருக்குக் கீழே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெண்டுலம் வால்வு, அதற்கப்பால் பம்ப். இந்தப் பாகங்களைச் செய்யும் நிறுவனங்கள்: ஜப்பானில் ஹோரிபா ஸ்டெக், ஃப்யூஜிகின், சிகேடி, அமெரிக்காவில் எம்கேஎஸ், புரூக்ஸ், ஸ்வேஜ்லாக், சுவிட்சர்லாந்தில் வாட். இவர்களின் கேட்டலாக்குகளை வரி விடாமல் படியுங்கள். இந்தத் துறைக்கு நல்ல பாடப்புத்தகங்கள் குறைவு. கேட்டலாக்கின் அடிக்குறிப்புகளில்தான் விஷயம் இருக்கும்.

மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலரை, எல்லோரும் சொல்வது போல எம்எஃப்சி என்றே சொல்கிறேன், ஆழமாகப் புரிந்துகொள்ளுங்கள். பாதித் துறை அதற்குள் இருக்கிறது. வெப்ப வகை எம்எஃப்சியில் வாயு இரண்டு வழியாகப் பிரியும். பெரும்பகுதி பைபாஸில் உள்ள லாமினார் எலிமென்ட் (ஓட்டத்தைச் சுழலில்லாமல் சீராக்கும் பாகம்) வழியாகப் போகும். சிறு பகுதி, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள சென்சார் குழாய் வழியாகப் போகும். அந்தக் குழாயின் மேல் இரண்டு சுருள்கள் சுற்றிச் சூடாக்கப்பட்டிருக்கும். வாயு ஓடும்போது முதல் சுருளின் வெப்பத்தை இரண்டாவதை நோக்கித் தள்ளும். அந்த வெப்பநிலை வித்தியாசம்தான் சிக்னல். இரண்டு வழியிலும் ஓட்டம் லாமினாராக இருந்தால்தான் பிரியும் விகிதம் 5 சதவீத ஓட்டத்திலும் 100 சதவீத ஓட்டத்திலும் மாறாமல் இருக்கும். டிசைனரின் வேலை அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதுதான். பைபாஸில் ஒரு சின்ன பிசிறு, நுழைவாயிலில் ஒரு கூர்முனை, அவ்வளவுதான், சிக்னலுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள நேர்கோடு வளைந்துவிடும்.

இதில் பலர் தடுமாறும் ஒரு இடம் உண்டு. எம்எஃப்சியைக் கிடையாக வைத்து ஜீரோ பார்த்துவிட்டு, இயந்திரத்தில் நெட்டாக மாட்டினால், சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு போன்ற கனமான வாயுவில் ஜீரோ நகர்ந்துவிடும். வால்வு மூடியிருந்தாலும், சூடான சென்சார் குழாயில் வாயு மேலே ஏறி பைபாஸ் வழியாகக் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சென்சாரோ ஓட்டம் இருப்பதாகவே காட்டும். சென்சார் குழாய் எந்தத் திசையில் படுக்க வேண்டும் என்பதை வரைபடத்தின் முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியதன் காரணம் இதுதான்.

அழுத்த வகை எம்எஃப்சி வேறு மாதிரி. ஒரு நுண்துளைக்கு முன்னால் உள்ள தனி அழுத்தம் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளப்பது), பின்னால் உள்ளதைப் போல் ஏறக்குறைய 2 மடங்குக்கு மேல் இருந்தால், துளையில் வாயு ஒலியின் வேகத்தை எட்டிவிடும். நைட்ரஜனுக்கு அந்த எல்லை 1.89 மடங்கு. அதற்கு மேல் கீழ்ப்பக்கம் என்ன நடந்தாலும் ஓட்டம் மேல்பக்க அழுத்தத்தையும் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது. உங்கள் கன்ட்ரோல் வால்வு கணக்கில் வரும் அதே சோக்டு ஃப்ளோதான். அங்கே தொல்லையாக நினைத்ததை இங்கே அளவுகோலாகப் பயன்படுத்துகிறோம். வேகமாகப் பதில் சொல்லும். ஆனால் மூடச் சொன்னால் கன்ட்ரோல் வால்வுக்கும் துளைக்கும் நடுவில் அடைபட்ட வாயு மெதுவாக வடிந்துதான் தீரும். 1 விநாடியில் வாயு மாற வேண்டிய எட்ச் வேலையில் அப்படி வடியும் நேரம் நீளமாக இருந்தால் ப்ராசஸ் இன்ஜினியர் ஏற்க மாட்டார். அந்த இடைவெளியின் கன அளவைக் குறைப்பதற்காக உள்வழியை எத்தனை விதமாக வளைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது வேலையில் இறங்கினால் தெரியும்.

அடைபட்ட வாயு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. எம்எஃப்சியின் வால்வு முழுசாக மூடாமல் 0.1 எஸ்சிசிஎம், அதாவது நிமிடத்துக்கு 0.1 நியம கன சென்டிமீட்டர், கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள வால்வு 10 நிமிடம் மூடியிருக்கிறது. நடுவில் 1 கன சென்டிமீட்டர் வாயு சேர்ந்துவிட்டது. இப்போது 10 எஸ்சிசிஎம் வேகத்தில் 6 விநாடி ஓட வேண்டிய ஒரு ஸ்டெப் தொடங்குகிறது. அந்த ஸ்டெப்புக்குத் தேவையான மொத்த வாயுவே 1 கன சென்டிமீட்டர்தான். கீழ் வால்வு திறந்த கணத்தில் அவ்வளவும் ஒரே மூச்சில் சேம்பருக்குள் போய்விடும். கண்ட்ரோல் வால்வில் நான்காம் வகுப்பு லீக்கேஜ், ஐந்தாம் வகுப்பு லீக்கேஜ் என்று பேசிப் பழகிய நமக்கு 0.1 எஸ்சிசிஎம் ஒரு எண்ணாகவே தோன்றாது. இங்கே அது வேஃபரைக் கெடுக்கும் எண்.

அப்புறம் வெளிக் கசிவு. ஹீலியம் லீக் டெஸ்டில் சாதாரணமாகக் கேட்கும் எல்லை விநாடிக்கு 10-இன் அடுக்கு மைனஸ் 9 கன சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 1 கன சென்டிமீட்டர் ஹீலியம் வெளியேற ஏறக்குறைய 32 வருடம் ஆகும். ரப்பர் ஓ-ரிங்கால் இதைத் தாங்க முடியாது. ஹீலியம் ரப்பருக்குள் ஊடுருவிப் போய்விடும். அதனால் உலோகத்தோடு உலோகம். ஃபிட்டிங்கின் வட்ட விளிம்பு ஒரு நிக்கல் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும். விசிஆர் வகை ஃபிட்டிங்கில் கையால் இறுக்கிய பிறகு, நிக்கல் அல்லது ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு வெறும் எட்டில் ஒரு சுற்று. நம் ஃபிட்டர்களுக்கு இது நம்பவே முடியாத அளவு குறைவாகத் தெரியும். கூட அரைச் சுற்று போட்டுவிடுவார்கள். விளிம்பு நசுங்கினால் அந்த ஃபிட்டிங் போயிற்று. கழற்றினால் புது கேஸ்கெட். பழையதைத் திரும்பப் போடவே கூடாது.

சென்னையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவர்கள் மனதில் எப்போதும் இருக்க வேண்டியது ஈரப்பதம். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்பது நமக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றில் 10 லட்சத்தில் ஏறக்குறைய 29,000 பங்கு நீராவி. கேஸ் ஸ்டிக்கில் அனுமதிக்கப்படுவதோ 100 கோடியில் ஒரு சில பங்கு. ஒரு பாகத்தை அசெம்பிளி அறைக்கு வெளியே மூடி இல்லாமல் கொஞ்ச நேரம் வைத்தாலே அதன் சுவரில் நீர் மூலக்கூறுகள் படிந்துவிடும். அவற்றை வெளியேற்ற நைட்ரஜன் பர்ஜும் (நைட்ரஜனை ஓடவிட்டுத் துடைப்பது) சூடாக்கலும் மணிக்கணக்கில் தேவைப்படும். உலர்ந்த ஹைட்ரஜன் புரோமைடும் ஹைட்ரஜன் குளோரைடும் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஈரம் சேர்ந்தால் அதே வாயுக்கள் அமிலமாகி அரிக்கத் தொடங்கும். டங்ஸ்டன் ஹெக்ஸாஃபுளோரைடு நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடே உண்டாகும். அரிப்பில் கிளம்பும் இரும்பும் குரோமியமும் வேஃபரில் போய் உட்காரும். கிளீன்ரூமில் பாகத்தை இரட்டை உறையில் போட்டு, நைட்ரஜன் நிரப்பி, ஓரங்களைச் சூட்டில் ஒட்டி அனுப்புவதைப் பார்த்து "இவ்வளவு பந்தா எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உறையும் டிசைனின் ஒரு பகுதி. வரைபடத்தில் அதற்கும் ஒரு பார்ட் நம்பர் போடுங்கள்.

உலோகமும் அதே காரணத்தால்தான் வேறு. 316எல் என்று பெயர் ஒன்றுதான்; ஆனால் வெற்றிடத்தில் இருமுறை உருக்கியது, கந்தகம் 0.01 சதவீதத்தை ஒட்டிய ஒரு குறுகிய வரம்புக்குள். சாதாரண 316எல்லில் 0.03 வரை விடுவார்கள். கந்தகம் அதிகமானால் மாங்கனீசு சல்ஃபைடு துகள்கள் எலக்ட்ரோபாலிஷில் (மின்சாரத்தால் மெருகேற்றுவது) பிய்ந்து குழி விழும். மிகவும் குறைந்தாலோ ஆர்பிட்டல் வெல்டிங்கில் (மின்முனை குழாயைத் தானாகச் சுற்றிவந்து ஒட்டுவது) உருகிய குட்டை அகலமாகப் பரவி ஆழமாக இறங்காது. உள்மேற்பரப்பின் சொரசொரப்பு அளவான ஆர்ஏ 0.13 முதல் 0.25 மைக்ரான் வரை கேட்பார்கள். வழவழப்பு மட்டும் போதாது, மேலே குரோமியம் செறிந்த ஆக்சைடு படலம் வேண்டும். வாயு படும் இடத்தில் மரை கூடாது, கிரீஸ் கூடாது, ஸ்பிரிங் கூடாது, வாயு நின்றுவிடும் மூலை கூடாது. உங்கள் குளோப் வால்வின் கிளாண்ட் பேக்கிங் முழுவதும் போய், அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோபால்ட் கலப்புலோக டயஃப்ரம் வரும்.

இனி அந்த டயஃப்ரம். அணு அடுக்குப் படிவு, தொழிலில் ஏஎல்டி என்பார்கள், இதில் ஒரு வாயு சில பத்து மில்லி விநாடி வந்து போகும், பிறகு பர்ஜ், பிறகு அடுத்த வாயு. ஒரு சுற்று 2 விநாடி என்றால் ஒரு வால்வு ஒரு நாளில் 43,200 தடவை இயங்கும். 23 நாளில் 10 லட்சம், வருடத்துக்கு 1.5 கோடிக்கு மேல். 20 மில்லி விநாடி துடிப்பில் 2 மில்லி விநாடி தவறினால் வாயுவின் அளவில் 10 சதவீதம் தவறு. அதனால் சோலனாய்டை ஆக்சுவேட்டரின் தலையிலேயே உட்கார வைக்கிறார்கள்; நடுவில் காற்றுக் குழாய் நீண்டால் தாமதமும் நீளும், வால்வுக்கு வால்வு மாறவும் செய்யும். சூடும் சேரும். பல பிரிகர்சர்கள் (படலத்துக்கான மூலப்பொருள்கள்) அறை வெப்பத்தில் திரவமாகவோ திடப்பொருளாகவோ இருப்பவை. 200 டிகிரி வரை வால்வைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சீட் மெல்ல அமுங்கும். சீட் 20 மைக்ரான் அமுங்கினால் டயஃப்ரம் திறக்கும் உயரம் அவ்வளவு கூடும், சிவி மாறும், துடிப்புக்கு வரும் வாயுவின் அளவு மாறும். வால்வு உடையவில்லை, கசியவும் இல்லை, ஆனாலும் பழுதுதான். என் கணிப்பில் இந்தத் துறையின் மிகக் கடினமான டிசைன் இதுதான். உலோகச் சோர்வு, பாலிமர் க்ரீப், காந்தவியல், வெப்ப ஓட்டம் நாலும் ஒரு கைப்பிடி அளவுப் பொருளுக்குள் சந்திக்கின்றன. இதில் சேர வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

சிமுலேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்கு சிஎஃப்டி (கணினியில் ஓட்டத்தைக் கணிப்பது) தெரியும் என்பது நல்லது. ஆனால் 1 டோர் (வளிமண்டல அழுத்தத்தில் 760-இல் ஒரு பங்கு) அழுத்தத்தில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் போகும் சராசரித் தூரம் ஏறக்குறைய 50 மைக்ரான். சீட்டின் இடைவெளி 200 மைக்ரானாக இருந்தால், வாயுவைத் தொடர்ச்சியான பொருளாக எண்ணிச் செய்யும் கணக்கு அங்கே தடுமாறும். சாஃப்ட்வேர் அழகான படம் போட்டுத் தந்துவிடும், எச்சரிக்காது. நட்சென் எண்ணை (அந்தச் சராசரித் தூரத்தை இடைவெளியால் வகுத்தது) முதலில் கையால் போட்டுப் பார்த்துவிட்டு கணினியைத் தொடுவது நல்லது.

திரவப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், என் வேலை பெரும்பாலும் வாயுவில்தான். அங்கே உலோகமே கூடாது; ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும், 18.2 மெகாஓம் தூய நீருக்கும் பிஎஃப்ஏ, பிடிஎஃப்இ பிளாஸ்டிக்தான். இவை சுமையின் கீழ் மெதுவாக வழிந்து உருமாறும், ஆகவே இன்று இறுக்கிய மரை சூடேறி ஆறியதும் தளரும். அமில ஆவி பிஎஃப்ஏ சுவரின் ஊடாகவே வெளியேறி, ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அரிக்கும். ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் மாறும் பூச்சுத் திரவம்) ஊற்றும் நாசிலில், ஊற்றி முடித்ததும் திரவத்தைச் சில மில்லிமீட்டர் உள்ளே இழுத்துக்கொள்ள சக்-பேக் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் தொங்கும் ஒரு சொட்டு வேஃபரில் விழுந்து அன்றைய வேலையைக் கெடுக்கும்.

நம் ஊர் பழக்கத்தில் மாற வேண்டியது ஒன்று உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். சப்ளையரிடம் பொருள் தீர்ந்துவிட்டால் அதே தரத்தில் வேறு இடத்தில் வாங்கி வேலையை முடிப்பது நமக்குச் சாமர்த்தியம். இந்தத் துறையில் அது பெரிய குற்றம். இன்டெல் தன் தொழிற்சாலைகளுக்குள் "அப்படியே நகலெடு" என்ற கொள்கையையே வைத்திருக்கிறது. ஒரு ஃபேபில் (சிப் தொழிற்சாலையில்) சரியாக ஓடுவதை அடுத்ததில் எதையும் மாற்றாமல் அப்படியே செய்வார்கள். சுத்தம் செய்யும் திரவத்தை மாற்றினாலும், சீட்டின் பிளாஸ்டிக் துகள் வேறு லாட்டிலிருந்து வந்தாலும், மெஷினிங் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு மாறினாலும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் வாங்கி, சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரைபடத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று எழுதும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்தே எதைக் கற்கலாம்? நிறையவே. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்த பிறகு எல்லோர் பேச்சும் குஜராத்தின் தொலேரா, சானந்த் ஃபேக்டரிகளைச் சுற்றியே இருக்கிறது. இயந்திர வடிவமைப்பு வேலைக்கோ ஃபேபுக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. பெங்களூரு இதில் வெகு காலமாக முன்னால் இருக்கிறது. 2024-இல் தரமணியில் மையம் அமைக்க, சிப் இயந்திரங்கள் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸ் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. கல்பாக்கத்துக்கும் விண்வெளித் துறைக்கும் பாகம் செய்து தரும் பட்டறைகளில் ஹீலியம் லீக் டெஸ்டும் ஆர்பிட்டல் வெல்டிங்கும் அன்றாட வேலை. அப்படி ஓர் இடத்தில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். லீக் டிடெக்டரின் எண் எப்படி இறங்குகிறது, எப்போது நம்பலாம் என்பது பார்த்தால்தான் பிடிபடும். குரோம்பேட்டை எம்ஐடியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த நண்பர்கள் இருந்தால் கன்ட்ரோல் லூப் பாடத்தைத் திரும்பப் பிடியுங்கள். வெப்ப சென்சாரின் மந்தத்தை ஈடுகட்டி வேகமாக்குவது முழுக்க அந்தப் பாடம்தான். வைபுல் பகுப்பாய்வு (பாகங்கள் எப்போது பழுதாகும் என்ற புள்ளியியல்), கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்ற சோதனை) இரண்டும் நுனி விரலில் இருக்கட்டும். செமிகண்டக்டர் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் செமி அமைப்பின் தரநிலைகளில் எஃப் வரிசையைப் பாருங்கள். வால்வு, ஃபிட்டிங், மேற்பரப்பு பற்றியவை அங்கே இருக்கின்றன.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு போங்கள், ஏறக்குறைய எல்லாக் குழுவும் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்பது. எம்எஃப்சி 50 எஸ்சிசிஎம் காட்டுகிறது, சேம்பரில் ரேட் ஆஃப் ரைஸ் பார்த்தால் 52 வருகிறது; எங்கே தேடுவீர்கள்? ரேட் ஆஃப் ரைஸ் என்றால் பம்ப் வால்வை மூடிவிட்டு, தெரிந்த கன அளவில் அழுத்தம் ஏறும் வேகத்தைப் பார்ப்பது. 25 டிகிரியில் 10 லிட்டர் சேம்பருக்குள் 100 எஸ்சிசிஎம் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.3 டோர் ஏறும். முதலில் வாயு விடாமலேயே சேம்பரை மூடி அழுத்தம் தானாக ஏறுகிறதா என்று பாருங்கள். வெளிக்காற்றும் சுவரிலிருந்து வரும் ஈரமும் அந்த 2 எஸ்சிசிஎம்மில் கலந்திருக்கலாம். அடுத்து சேம்பரின் வெப்பநிலை, ஏனென்றால் 3 டிகிரி தவறினாலே 1 சதவீதம் போயிற்று. பிறகு கன அளவு. யாராவது ஒரு கேஜையோ அடாப்டரையோ கூடுதலாக மாட்டியிருக்கிறார்களா? பிறகு அழுத்த மானியின் ஜீரோ. அதன் பிறகு இரண்டு பக்க வால்வையும் மூடி, போதுமான நேரம் விட்டு, எம்எஃப்சியின் ஜீரோ. அதுவும் சரியாக இருந்தால் நைட்ரஜனிலிருந்து இந்த வாயுவுக்கு மாற்றப் பயன்படுத்திய காரணி எண். இவ்வளவும் தாண்டின பிறகுதான் எம்எஃப்சியைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றினால் கேஸ் ஸ்டிக்கைத் திறந்தாக வேண்டும், ஈரம் உள்ளே போகும், மறுபடி பர்ஜ் செய்து, லீக் டெஸ்ட் எடுத்து, இயந்திரம் திரும்ப ஓட ஒரு முழு நாள்கூட ஆகலாம்.